மீன்தொட்டியில் சத்தம்

தென்காசி
14.3.2025

அன்புள்ள மாப்பிள்ளை மணிமுத்துவுக்கு,

அத்தான் ஆறுமுகநயினார் எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். நீயும் கொளத்தூரில் உன் வண்ணமீன் கடையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். உன் அக்கா மூக்கம்மாளின் சுகத்தைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

நீ லாரியில் அனுப்பிய மீன்தொட்டி கீறல் விழாமல் வந்து சேர்ந்தது. கூட வந்த உன் ஆட்கள் அதை முன்ஹாலில் அக்காவின் கட்டிலுக்கு நேராக வைத்தார்கள். அடியில் மரப்பெட்டிக்குள் இன்னொரு சின்னத் தொட்டி. அதற்கு சம்ப் என்று பேராம். மேலே வழிகிற தண்ணீர் பைப் வழியாக சம்புக்கு இறங்கிச் சுத்தமாகி, மோட்டாரில் மறுபடி மேலே ஏறும் என்று ஒரு பையன் எனக்குத் தாளில் படம் போட்டுக் காட்டினான். ஏஞ்சல் மீன்கள் தட்டுத் தட்டாக நீந்துகின்றன. அதில் கறுப்பாக இருக்கிற ஒன்று மட்டும் கண்ணாடி ஓரமாக வந்து நின்று உன் அக்காவைப் பார்க்கிறது. அவளும் அதைப் பார்க்கிறாள்.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவள் போனில் உன்னிடம் இதைச் சொன்னாளா தெரியவில்லை. சொல்லாவிட்டால் இப்போது தெரிந்துகொள். வயிற்றில் இருந்தது ஈரலுக்கும் போய்விட்டது. வலிக்கு மட்டும் மருந்து கொடுத்திருக்கிறார்கள்.

இந்தக் கடிதம் வேறு ஒரு விஷயத்துக்காக. தொட்டியில் சத்தம் இருக்கிறதாம். எனக்குத் தெரிய வழியில்லை. பீரங்கிப் படையில் இடது காதை விட்டுவிட்டு வந்தேன். பென்ஷன் வாங்க ஆரம்பித்த பிறகு வலது காதும் போனது. மிஷின் வைத்தால் வெறும் இரைச்சல். மற்றவர்கள் எனக்கு எழுதிக் காட்ட வேண்டும். அக்காவின் பேச்சை மட்டும் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வேன். அவள் சொன்னாள்:

"சோத்துப்பானை கொதிக்க மாரி கொடகொடன்னு கெடக்கு. ஊடால யாரோ உறிஞ்சிக் குடிக்க மாரி வேற. கண்ணை மூட முடியல. மணிக்கு எழுதுங்க."

வீட்டில் இருக்கிற ஒரே போன் அவள் கையில். நான் கடிதத்தில்தான் எழுத முடியும். என்ன செய்ய வேண்டும் என்று விவரமாகப் பதில் போடு.

உன்னை எதிர்பார்க்கும்
ஆறுமுகநயினார்


கொளத்தூர், சென்னை
25.3.2025

அன்புள்ள அத்தானுக்கு மணிமுத்துவின் வணக்கம்.

நானும் வீட்டில் எல்லாரும் சௌக்கியம். உங்கள் இன்லேண்ட் கிடைத்தது. பேங்க் தபாலைத் தவிர எனக்குத் தபால் வந்தே பல வருஷம் ஆகிறது. போஸ்ட்மேன் கடைக்குள்ளேயே வந்து என் முகத்தைப் பார்த்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

சத்தத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். சம்ப் வைத்த தொட்டி எல்லாவற்றிலும் முதலில் இந்தத் தொல்லை வரும். தண்ணீர் மட்டும் இறங்கினால் பைப் சத்தம் போடாது. தண்ணீரும் காற்றும் ஒரே பைப்பில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு இறங்குவதால்தான் கொடகொடக்கிறது.

முதலில் பைப்பின் கீழ் நுனியைப் பாருங்கள். அது சம்ப் தண்ணீருக்கு மேலே நின்றால் அருவி மாதிரி விழுந்து சத்தம் வரும். ரொம்ப ஆழமாக முங்கியிருந்தால் காற்று வெளியே போக வழியில்லாமல் முட்டிக்கொண்டு பொங்கும். விரல் கணு அளவு முங்கினால் போதும். நுனியைச் சாய்வாக வெட்டிவிடச் சொல்லுங்கள், காற்று ஒரு பக்கமாக ஒதுங்கிப் போய்விடும். மோட்டாருக்கு அடியில் ஒரு ரப்பர் துண்டு வையுங்கள். என் பையன்கள் அவசரத்தில் வைத்திருக்க மாட்டார்கள்.

அக்காவைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தேன்.

ஏஞ்சலுக்கு இரண்டு வேளை தீனி போதும். அதிகம் போட்டால் தண்ணீர் கலங்கிவிடும். கறுப்பு மீன் கண்ணாடி ஓரம் நிற்பது பசியால் இருக்கலாம், புதிய இடம் என்பதாலும் இருக்கலாம். பழகிவிடும்.

அக்காவுக்கும் உங்களுக்கும் என் அன்பு.

மணிமுத்து


தென்காசி
9.4.2025

அன்புள்ள மாப்பிள்ளை மணிமுத்துவுக்கு,

நீ நலமாக இருப்பதைப் படித்துச் சந்தோஷம். எனக்கும் குறைவில்லை.

கடையநல்லூர் மைதீனை வரச் சொன்னேன். சவுதியில் பைப் வேலை பார்த்துவிட்டு இப்போது ஊரோடு இருக்கிறவர், நிதானமான மனிதர். நீ எழுதியிருந்ததை அப்படியே அவரிடம் படிக்கக் கொடுத்தேன். நுனியைச் சாய்வாக வெட்டி, ஒரு விரல் கணு அளவு முங்க வைத்தார். மோட்டாருக்கு அடியில் பழைய ஹவாய் செருப்பை வெட்டி வைத்தார்.

வேலை செய்யும்போது நான் பைப்பின்மேல் கையை வைத்திருந்தேன். அதற்கு முன்னால் அது காய்ச்சல்காரன் நாடி மாதிரி உதறிக்கொண்டிருந்தது. வெட்டி மாட்டியதும் உதறல் அடங்கிவிட்டது. மைதீன் தன் காதைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். அன்று உன் அக்கா வெகு நேரம் தூங்கினாள்.

மறுநாள் காலையில் கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். "இன்னும் இருக்கு" என்றாள்.

"எப்படி இருக்கு?"

"மொதல்ல மாரி இல்ல. ஆனா இருக்கு. எழுத்துல சொன்னா அவனுக்கு எப்படி வெளங்கும்? வந்து பாத்தாத்தான் தெரியும்."

எனக்கும் அதுவே சரி என்று படுகிறது. செய்து அனுப்பியவனே வந்து பார்த்தால் ஒரு பொழுதில் முடிகிற வேலை. பொதிகை ரயிலில் ஏறினால் காலையில் தென்காசி. உன் கட்டில் மாடியில் அப்படியே கிடக்கிறது.

இப்போதெல்லாம் அவளைத் தூக்கி உட்காரவைக்க நான் ஒருத்தனே போதும். தூக்கும்போது பாரமே தெரிவதில்லை. பக்கத்துத் தெரு மாரிச்செல்வி காலையிலும் சாயங்காலமும் வந்து குளிப்பாட்டிவிட்டுப் போகிறாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பது ஊருக்குத்தான். நாலு வயதில் தாய் இல்லாமல் இந்த வீட்டுக்கு வந்த உன்னை வைத்துக்கொண்டு அப்படி ஒரு குறையை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. இதையெல்லாம் உனக்கு எழுதித் தெரியவைக்க வேண்டியதில்லை.

பதிலை உடனே போடு.

அன்புடன்
ஆறுமுகநயினார்


கொளத்தூர்
2.5.2025

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். எல்லாரும் நலம். பதில் தாமதமானதற்குக் கோபப்பட வேண்டாம். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்து லீவு விட்டாச்சு. கடையில் நிற்க இடமில்லை. வெயிலில் தண்ணீர் சூடாகி மீன் சாகிறது என்று ஒரு பக்கம் புகார். தூங்கவே நேரம் இல்லை.

கீழ் நுனியைச் சரிசெய்தும் சத்தம் இருக்கிறது என்றால் மேல் நுனியில்தான் கோளாறு. தொட்டிக்குள் பைப் தண்ணீரை வாங்குகிற இடத்தில் உறிஞ்சுகிறது. பாத்திரம் கழுவுகிற தொட்டியில் கடைசித் தண்ணீர் போகும்போது வருமே, அந்தச் சத்தம். அந்த நுனியில் மூன்று வாய் உள்ள டீ பைப் ஒன்றை மாட்டி, அதன் தலையில் மூடி போட்டு, மூடியில் சின்னதாக ஓட்டை போடச் சொல்லுங்கள். காற்றுக்குத் தனி வழி கிடைத்துவிடும். ஓட்டைக்குள் மெல்லிய ரப்பர் டியூப் ஒன்றைச் செருகி, மேலும் கீழும் நகர்த்தி அளவு பார்க்க வேண்டும். காற்று குறைந்தால் உறிஞ்சும். கூடினால் கொடகொடக்கும். நடுவில் ஓர் இடத்தில் அடங்கிவிடும். அதைக் காதால் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அக்கா கேட்டுச் சொல்லட்டும், நீங்கள் நகர்த்துங்கள்.

வரச் சொல்லி எழுதியிருந்தீர்கள். லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்கட்டும். பார்க்கிறேன்.

அக்கா வெயிலில் வெளியே போக வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அன்பு மறவாத
மணிமுத்து


தென்காசி
14.5.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் சுகத்துக்குக் கடவுள் துணை. நான் இருக்கிறேன்.

அக்கா வெயிலில் வெளியே போவதில்லை. பங்குனியிலிருந்து அவள் வாசற்படியைத் தாண்டவில்லை. தூக்கித்தான் உட்காரவைக்கிறேன் என்று முன்பே எழுதியிருக்கிறேன், நீ கவனிக்கவில்லை போலிருக்கிறது.

மைதீன் வந்து டீ பைப்பும் மூடியும் மாட்டிக் கொடுத்தார். ரப்பர் டியூபை நான்தான் நகர்த்தினேன். ஸ்டூலில் ஏறி நின்று, கையைத் தொட்டிக்குள் விட்டுக்கொண்டு, கண்ணை அவள் முகத்தில் வைத்திருந்தேன். "இன்னும் கொஞ்சம் மேல" என்றாள். "கூடிட்டு. எறக்குங்க" என்றாள். "அங்கனயே வைங்க" என்றாள். பிறகு, இல்லை என்று தலையை ஆட்டினாள். ஒரு காலைப் பொழுது முழுக்க இப்படியே போனது. நான் சட்டையெல்லாம் நனைந்து நின்றதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு. அவள் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. அதற்காகவே நான் இன்னும் கொஞ்ச நேரம் நகர்த்திக்கொண்டிருந்தேன்.

கடைசியில் களைத்துப்போய், "போகல. விசில் மாரி ஒண்ணு கேட்டுக்கிட்டே இருக்கு. மணிக்கு எழுதுங்க" என்றாள்.

நான் மைதீனைப் பார்த்தேன். அவர் தொட்டிப் பக்கம் காதைச் சாய்த்துக் கேட்டார். அப்புறம் உன் அக்காவைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். செய்த வேலைக்கு நன்றி சொல்கிறாள் என்று நினைத்தேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. டீ குடிக்காமல் போய்விட்டார்.

அவள் சாப்பாடு கஞ்சித் தெளிவு என்று ஆகிவிட்டது. அதுவும் சில நாள் தங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் உனக்குப் போன் போடுகிறாள். கடையில் ஆள் நிற்கிறது என்று நீ சீக்கிரம் வைத்துவிடுகிறாயாம். வைத்த பிறகும் கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருக்கிறாள். நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பள்ளிக்கூடம் திறக்கும்வரை காத்திருக்காதே.

ஆறுமுகநயினார்


கொளத்தூர்
20.5.2025

அன்புள்ள அத்தானுக்கு வணக்கம். நலம்.

கையோடு ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். உள்ளே நல்ல கேட் வால்வ் ஒன்றும் அதைப் பைப்போடு இணைக்கிற யூனியனும் இருக்கின்றன. இறங்கு பைப்பில் சம்புக்கு மேலே இதை மாட்டச் சொல்லுங்கள். வால்வை மெதுவாக மூடிக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் பைப் முழுக்கத் தண்ணீர் நிறைந்துவிடும். உள்ளே காற்றுக்கே இடம் இருக்காது. காற்று இல்லாத பைப் சத்தம் போடாது. வால்வில் குப்பை அடைத்தால் தண்ணீர் வெளியே வழியும், அதனால் பக்கத்தில் இருக்கிற இரண்டாவது பைப்பை ஆபத்துக்கு உதவியாகக் காலியாக விட்டுவைக்க வேண்டும். மைதீனுக்குப் புரியும்.

இதற்கு மேல் சத்தம் வர வழியே இல்லை அத்தான். எவ்வளவு வேண்டுமானாலும் நான் பந்தயம் கட்டுவேன்.

அக்காவை எப்போதும் நினைத்துக்கொண்டிருப்பதாகச் சொல்லுங்கள். வரத்தான் இருக்கிறேன்.

மணிமுத்து


தென்காசி
5.6.2025

மாப்பிள்ளை மணிமுத்துவுக்கு ஆசீர்வாதம்.

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பார்சல் வந்தது. வால்வை மாட்டவில்லை. ஏன் என்று சொல்கிறேன். இதை எழுத வேண்டாம் என்று உன் அக்கா கேட்டுக்கொண்டாள். நான் எழுதுகிறேன்.

மைதீன் வந்து பார்சலைப் பிரித்தார். வால்வைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு என்னை அடுக்களைக்குக் கூட்டிப்போய், அந்த அட்டைப்பெட்டியின் மேலேயே பென்சிலால் எழுதிக் காட்டினார்: 'அண்ணாச்சி, நான் மொத நாள் பைப்ப வெட்டுனப்பவே சத்தம் நின்னுபோச்சு. அக்கா சொல்லாதீயன்னு கும்பிட்டாவ. இனியும் உங்கள ஏமாத்த எனக்கு மனசு வரல.'

அவர் போன பிறகு அவள் கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முகத்தைத் திருப்பிவிட்டால் அவள் பேசுவது எனக்குத் தெரியாது. எங்களுக்குள் சண்டை வந்தால் அவள் செய்வது அதைத்தான். நான் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே திரும்பினாள்.

"மைதீன் சொல்லிட்டாரோ?"

"சொல்லிட்டாரு. ஏன்ட்டி இப்படிச் செஞ்சே?"

"எனக்குச் சீக்குன்னா அவன் வரமாட்டேங்கான். தொட்டிக்குச் சீக்குன்னா வருவாம்லான்னு பாத்தேன்."

நான் அவள் போர்வையைச் சரிசெய்தேன். அவளே சொன்னாள்: "சின்னப்பிள்ளையில இருந்தே அவன் அப்படித்தான். வீட்டுல யாரும் அழுதா ஓடிப்போயிருவான். ஒரு சாமான் ரிப்பேர்னா சோறு தண்ணி இல்லாமக் கெடந்து பாப்பான்."

"வந்து, சத்தம் எங்கன்னு கேட்டா என்ன சொல்லுவே?"

"வந்துட்டாம்னா பொறவு என்னத்தயாவது சொல்லிக்கிடுவேன். அப்பம் அவன் இங்கன இருப்பாம்லா." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இத எழுதிராதீய. பாவம், கூசிப்போவான்" என்றாள்.

மணி, இரண்டு மாதமாகச் செவிடன் நான் ஸ்டூலில் ஏறி நின்று, இல்லாத சத்தத்தை நிறுத்திக்கொண்டிருந்தேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. அவள் வேறு எப்படிக் கேட்பாள்? வா என்று அவள் வாயால் உன்னிடம் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டாள். நீ வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் அப்புறம் அவளுக்கு எதிர்பார்க்க ஒன்றும் இருக்காது.

தொட்டியில் கோளாறு எதுவும் இல்லை. நீ வா.

ஆறுமுகநயினார்


தென்காசி
24.6.2025

மணிமுத்து,

சுகமா. என் முந்தைய கடிதம் உனக்குக் கிடைத்திருக்கும். பதிலைக் காணோம்.

சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறதாம். ஊரெல்லாம் வெளியூர்க் கார்கள். அக்கா இப்போது கண்ணைத் திறப்பது குறைவு. திறந்தால் முதலில் வாசலைப் பார்க்கிறாள், அப்புறம்தான் மீனை. வலி மருந்தைக் கூட்டியிருக்கிறார்கள். வாய் முழுக்கப் புண். உதடு சரியாக அசைவதில்லை. அவள் சொல்வது இப்போது எனக்குப் பாதிதான் விளங்குகிறது. மாரிச்செல்வி பக்கத்தில் இருந்தால் கேட்டு எழுதிக் காட்டுகிறாள். அவள் இல்லாத நேரத்தில் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருக்கிறோம்.

இதைப் படித்ததும் புறப்படு. பதில் எழுத வேண்டாம்.

ஆறுமுகநயினார்


குற்றாலம்
4.7.2025

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் நலமா என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

மேலே குற்றாலம் என்று போட்டிருப்பதைப் பார்த்து ஆச்சரியப்படுவீர்கள். நேற்றுக் காலையில் பொதிகையில் வந்து தென்காசியில் இறங்கினேன். ஸ்டேஷனுக்கு வெளியே ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன். எங்கே என்று டிரைவர் கேட்டதும் வாயில் குற்றாலம் என்று வந்துவிட்டது. இங்கே ஒரு லாட்ஜில் ரூம் எடுத்திருக்கிறேன். சீசனுக்கு வந்தவர்கள் பிள்ளைகளோடு வராண்டாவில் ஈரத் துண்டு காயப்போடுகிறார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறேன்.

இன்று மத்தியானம் பஸ் ஏறி வந்தேன். நம் தெரு முக்கு வரைக்கும் வந்துவிட்டேன், அத்தான். மாரிச்செல்வியாகத்தான் இருக்க வேண்டும், வாசலில் நின்று விரிப்பை உதறிக்கொண்டிருந்தாள். கதவு திறந்திருந்தது. உள்ளே தொட்டியின் வெளிச்சம் தெரிந்தது. அக்காவுக்கு என்று மங்குஸ்தான் வாங்கி வைத்திருந்தேன், அதுவானால் மென்மையாக இருக்கும், விழுங்கிவிடுவாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு டீக்கடை ஓரத்தில் நின்றுவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டேன்.

உங்கள் ஜூன் ஐந்தாம் தேதிக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். அக்கா எதற்காக அப்படிச் செய்தாள் என்று படித்த அன்றைக்கே கிளம்பியிருக்க வேண்டும். நான் ஏன் வரவில்லை என்று நீங்கள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கடையைச் சாக்குச் சொல்லியிருப்பேன். அது பொய்.

எங்கள் அம்மா சாகக் கிடந்தபோது எனக்கு நாலு வயது. அம்மாவின் முகம் எனக்கு நினைவில்லை. ஆனால் சாவு வீடு, கல்யாண வீடு எங்கே போனாலும் பெரியவர்கள் என் தலையைத் தடவிச் சொல்வார்கள்: "பெத்தவ இவனைப் பாக்கணும்னுதான் உசிரைப் பிடிச்சிக்கிட்டுக் கெடந்தா. கொண்டாந்து கண்ணுல காட்டுனாவ. பாத்தா, போயிட்டா." பிரியமாகத்தான் சொன்னார்கள். நான் அதைக் கேட்டே வளர்ந்தேன். நான் போய் நின்றதால்தான் அம்மா போனாள் என்று எனக்குள் விழுந்துவிட்டது. வளர்ந்த பிறகு அது முட்டாள்தனம் என்று தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? ஆஸ்பத்திரியில் கைவிட்டுவிட்டார்கள் என்று நீங்கள் முதலில் எழுதியபோதே எனக்கு இது ஒன்றுதான் தோன்றியது: நான் வராதவரைக்கும் அவள் இருப்பாள். நான் வந்து நின்றால் கிளம்பிவிடுவாள்.

அதனால்தான் பைப்பைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு வேலை மிச்சம் இருக்கட்டும், இன்னொரு கடிதம் வரட்டும் என்று இருந்தேன். ஒவ்வொரு தடவையும் சத்தம் நிற்கவில்லை என்று நீங்கள் எழுதும்போது எனக்கு ஆறுதலாக இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நாளைக் காலையில் கட்டாயம் வருகிறேன். இப்போதே கீழே போய் இதைத் தபால்பெட்டியில் போடப் போகிறேன். போட்டுவிட்டால் அப்புறம் நான் வராமல் இருக்க முடியாது. இது உங்கள் கையில் கிடைக்கும்போது நான் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். நீங்கள் இதைப் படித்துவிட்டு என்னைத் திட்டலாம்.

மணிமுத்து


தென்காசி
23.7.2025

மணிமுத்துவுக்கு,

சுகம் விசாரிக்கிற நிலையில் நாம் இரண்டு பேரும் இல்லை. அதை விட்டுவிடுகிறேன்.

பதினாறாம் நாள் காரியம் நேற்று முடிந்தது. நீ வரவில்லை. காடாற்றியதும் போனவன், வேலை இருந்திருக்கும்.

உன் குற்றாலத்துக் கடிதம் நீ ஊருக்குப் போன மறுநாள் வந்தது. நாலாம் தேதி எழுதியிருக்கிறாய், மறுநாள் காலையில் வருவதாக. ஐந்தாம் தேதி முழுக்க வாசல் கதவைத் திறந்துதான் வைத்திருந்தோம். அன்றைக்கு நீ எங்கே இருந்தாய் என்று நான் கேட்கப் போவதில்லை. ஆறாம் தேதி காலையில் மாரிச்செல்வி உனக்குப் போன் போட்டாள். அக்காவைக் கடைசியாகக் குளிப்பாட்டி முடிப்பதற்குள் நீ வந்து நின்றாய். எதில் வந்தாய் என்று யாரோ கேட்டதற்குப் பொதிகையில் என்று சொன்னாயாம். போன் போகும் முன்னாலேயே ரயில் ஏறிவிட்டானே, அக்கா மேல் எத்தனை பாசம் என்று எல்லாரும் பேசிக்கொண்டதாக மாரிச்செல்வி எழுதிக் காட்டினாள். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

உன் அம்மாவைப் பற்றி நீ எழுதியிருப்பது தப்பு. உன்னைத் தூக்கிக்கொண்டு போனவன் நான். அப்போது எனக்குக் காது இருந்தது. உன் அம்மா உன்னைப் பார்த்ததும் போகவில்லை. உன்னைப் பக்கத்தில் போடச் சொன்னாள். நீ அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு தூங்கினாய். அதற்குப் பிறகும் இரண்டு நாள் இருந்தாள். நீ வந்த பிறகு இரண்டு வாய் பாலும் குடித்தாள். மற்றவர்கள் சொல்லச் சொல்லக் கதை சுருங்கிப்போய் உன்னிடம் அப்படி வந்திருக்கிறது. நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்றைக்கோ சொல்லியிருப்பேன். நீ இப்படி ஒன்றை மனதில் வைத்திருப்பது எனக்கும் தெரியாது, உன் அக்காவுக்கும் தெரியாது.

மீன்களுக்கு இரண்டு வேளை தீனி போடுகிறேன். தொட்டியை என்ன செய்வதென்று ஊருக்குப் போகும்போது நீ எழுதிக் கேட்டாய். இருக்கட்டும்.

கடைசிக் காலையைப் பற்றி நீ கேட்கவில்லை. ஆனாலும் உனக்குத் தெரிய வேண்டும். மாரிச்செல்வி பால் வாங்கப் போயிருந்தாள். உன் அக்கா நன்றாகக் கண்ணைத் திறந்தாள். வாசலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். பேச ஆரம்பித்தாள். உதட்டில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வெடித்துப்போய்க் கிடந்தது, கொஞ்சம்தான் அசைந்தது. எழுதிக் காட்டு என்று பென்சிலைக் கொடுத்தேன், விரல் அதைப் பிடிக்கவில்லை. அவள் நிறுத்தாமல் பேசினாள். நான் அவள் தொண்டையில் கையை வைத்தேன். அதிர்ந்துகொண்டே இருந்தது. நெடுநேரம் பேசினாள், மணி. இத்தனை நாள் சேர்த்து வைத்ததையெல்லாம் சொல்கிற மாதிரி இருந்தது. நடுவில் ஒரு தடவை உதடு ஒட்டிப் பிரிந்தது. உன் பெயராக இருக்கலாம். வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். நான் சரி, சரி என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு விளங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டுதான் அவள் கண்ணை மூடினாள்.

உன் பைப் சரியாக வேலை செய்கிறது. காரியத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் இவ்வளவு பெரிய தொட்டியில் ஒரு சத்தமும் இல்லையே என்றார்களாம். அன்றைக்குக் காலையில் காது கேட்கிற யாராவது ஓர் ஆள் அந்தக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், அவள் சொன்னது ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கும்.

ஆறுமுகநயினார்